கமலவேணி வீட்டு மசக்கை

“காலையில எழுந்ததும் உங்க வீட்டுல வாந்திச் சத்தம். மீன் பொரிச்சா குமட்டல். பாதம் ரெண்டும் வீக்கம்னு வேற சொல்ற. ஏம்மா கமலவேணி, ஆறு புள்ள பெத்தவ நான், என்கிட்டயே மறைக்கிறியா?”

வேலிக்கு மேலாக எக்கி நின்று கேட்டாள் பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா. கமலவேணி வெலவெலத்துப் போனாள்.

“அய்யோ அக்கா, நாப்பத்திரண்டு வயசுல மசக்கையா! எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை. ஹோர்மோன் மாத்திரையாம். கட்டி திரும்ப வராம இருக்க தெனம் மூணு வேளை தின்னாகணும், தின்னா இப்படியெல்லாம் பண்ணும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு.”

நஜ்முன்னிசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கமலவேணியும் அவள் புருஷன் கருணாகரனும் சிங்கப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். வந்த அன்று கமலவேணி காதோடு காதாகச் சொன்னது இவ்வளவுதான்: “மார்புல கட்டிக்கா. புத்துநோயாம். அறுத்து எடுத்துட்டாங்க. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்.”

பெண்பிள்ளை விஷயம்; துருவித் துருவிக் கேட்டால் மனசு நோகும் என்று நஜ்முன்னிசா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, சும்மாவும் இருக்கவில்லை. தெருமுனை ஹனீபாவின் மளிகைக் கடையிலிருந்து அன்றைக்கே இஞ்சியும் எலுமிச்சையும் வேலி தாண்டி வந்தன. கூடவே அவள் கையால் ஊறவைத்த மாங்காய் ஜெருக் ஊறுகாய் ஒரு போத்தல்.

“ஒரு துண்டை வாயில அடக்கிக்கிட்டா குமட்டல் ஓடிரும்.”

“அழுகை வேற வருதுக்கா. காரணமே இல்ல. ரேடியோவுல பாட்டு வந்தா அழுகை, பூனை குட்டி போட்டா அழுகை...”

“அழுது தீரட்டும். நீ மனச விட்டுடாத. தெம்பா இரு.”

கமலவேணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இருமலைக் கேட்டாலே நஜ்முன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கருணாகரன் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். அவருடைய மீசை படியேறினாலே, டிக்கெட் வாங்கியவன்கூட மறுபடி சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான். அப்படிப்பட்டவர் மூன்று மாதமாக லீவில் இருந்தார். பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று நஜ்முன்னிசா முதலில் மெச்சிக்கொண்டாள். ஆனால் தினமும் பார்த்ததோ வேறு. விறகு பிளப்பது கமலவேணி. பாசாருக்குப் போய்க் காய்கறி சுமந்து வருவது கமலவேணி. துணி துவைப்பது கமலவேணி. மனுஷன் வாசல் பக்கம் தலையைக்கூடக் காட்டவில்லை.

அன்று மதியம், மெர்டேக்கா சுதந்திர நாளுக்காகத் தெருவில் கொடிக்கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு அடியில் குனிந்து, இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள் கமலவேணி.

“அலாமாக்! கீழ வை! தையல் பிரிஞ்சா என்ன ஆகறது?”

வாளிகளைப் பிடுங்கிக்கொண்டு நஜ்முன்னிசா விறுவிறுவென்று அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சாய்வு நாற்காலியில் கருணாகரன். எதிரே முக்காலி, முக்காலி மேல் தலையணை, தலையணை மேல் அவர் கால்கள். மடியில் ஜெருக் போத்தல். பாதி காலி. மீசையில் மாங்காய்ச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்கா தம்பி?”

“ரொம்ப நல்லா இருக்குக்கா” என்றார் அவர், பாவம், உண்மையாகவே.

“இருக்கும், ஏன் இருக்காது! நோயாளிக்குன்னு குடுத்தத நீங்க உக்காந்து திங்கிறீங்க. ஆபரேஷன் ஆன உடம்பு வாளி தூக்குது, உங்க காலுக்குத் தலகாணி கேக்குதா? இதுக்குத்தான் லீவா?”

கருணாகரனின் மீசை நடுங்கியது. கண் நிறைந்து, கன்னத்தில் மளமளவென்று வழிந்தது.

“இப்ப எதுக்கு அழுவுறீங்க? நான் என்ன அடிச்சனா?”

“தெரியலக்கா. தானா வருது.”

“அக்கா, அது வந்து...” என்று கமலவேணி தொடங்கினாள். அழுகைக்கு நடுவிலும் அவர் இருமினார். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நஜ்முன்னிசா முடிவு செய்துவிட்டாள். கமலவேணியின் கையை இறுகப் பிடித்தாள்.

“நாலு புடவைய எடுத்துக்க, கெளம்பு. உடம்பு தேறுற வரைக்கும் எங்க வீட்டுல இரு. இந்த மனுஷனுக்கு உழைச்சுக் கொட்டியே நீ செத்துப்போயிடுவ. நாட்டுக்கே மெர்டேக்கா வருது, உனக்கு மட்டும் வரக்கூடாதா?”

கமலவேணியை வாசல் வரைக்கும் இழுத்தாகிவிட்டது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

“அக்கா! அவள மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க” என்று கெஞ்சினார் கருணாகரன். “ஆம்பளைக்கும் அபூர்வமா வருமாம் இந்த நோய். வெளிய தெரிஞ்சா பஸ்ல எவன் என்ன மதிப்பான், நீங்களே சொல்லுங்க.”

தேம்பிக்கொண்டே அவர் சட்டைப் பித்தான்களைக் கழற்றினார். இடப்பக்க மார்பு இருக்க வேண்டிய இடத்தில், அக்குள் வரைக்கும் நீளமாக ஒரு தையல் தழும்பு ஓடியது.