ஏழாம் நம்பர் வீடு

தேவதாருக் காட்டுக்குள் முந்நூறு படி ஏறிக் கோயிலை அடைந்தபோது இவாவோவுக்கு மூச்சு வாங்கியது.

"மூணு வருஷமா வந்து வேண்டுறேன், நம்ம பையனுக்குப் பொண்ணு அமையல. அந்தக் குவாபாராவைப் பாரு, பெண்டாட்டி செத்துப்போனப்புறமும் வருஷத்துக்கு ஒண்ணா மூணு பொண்ணுங்களையும் கட்டிக் கொடுத்துட்டாரு!"

"நீங்க வாய்க்குள்ளயே முணுமுணுத்தா?" என்றாள் மனைவி நோரியே. "ஆயிரம் பேர் வேண்டுற இடம். எந்த வீட்டுக்குன்னு சாமிக்குத் தெரிய வேணாமா? பேரு, விலாசம் எல்லாம் சத்தமாச் சொல்லுங்க."

இவாவோ காசைப் போட்டார். இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டிக் கண்ணை மூடினார்.

"நான் இவாவோ. யனகிமாச்சி, ஏழாம் நம்பர் வீடு. இந்த வருஷமாவது எங்க வீட்ல ஒரு கல்யாணம் நடக்கணும்."

நோரியே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அடப்பாவி மனுஷா! அது மூணு வருஷம் முன்னாடி நாம காலி பண்ணின வீடு!"

"முப்பது வருஷப் பழக்கம், ஒவ்வொரு தடவை வேண்டும்போதும் வாயில அதான் வருது. இப்ப அங்க யாரு இருக்கா?"

"குவாபாரா!"

இவாவோ காசு போட்ட பெட்டியை எட்டிப் பார்த்தார். "அப்ப... இந்த வருஷத்துக் கல்யாணம்?"

"அந்த வீட்ல இனி மிச்சம் அந்த எழுபது வயசுக் கிழவர் மட்டும்தான்!"