நாளைக்கு என்ன ஆகும்?

“நாளைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடியுமா?” காலையிலிருந்து கணவருக்கு இதே கேள்விதான்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “கடவுள்கிட்ட விட்டாச்சு இல்ல? அவர் பார்த்துப்பார்.”

“டாக்டர் கை நடுங்கிட்டா?”

“அந்தக் கையையும் அவர்தான் பிடிச்சிருக்கார்.”

“பார்வை திரும்பலைன்னா என் பொழப்பு என்ன ஆகும்?”

“வேற வழி காட்டுவார். நாளைக்கு நடக்கப்போறதை இன்னிக்கே சொல்லுன்னு ஏங்க என் உயிரை எடுக்கிறீங்க?”

“உனக்கென்ன, சொல்லுவ. கத்தி படப்போறது என் கண்ணுல!”

அழைப்பு மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். அடிக்கடி வந்துபோகும் பெண் ஒருத்தி, அழுது சிவந்த முகத்தோடு நின்றிருந்தாள்.

“ஐயா இருக்காரா? எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஆளைக் குறைக்கிறாங்களாம். அவருக்கு வேலை நிலைக்குமான்னு கேட்கணும்.”

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டாள். வாசலில் பெரிய பலகை தொங்கியது: ‘கைரேகை நிபுணர். எதிர்காலம் துல்லியமாகச் சொல்லப்படும்.’

வந்தவள் கணவர் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு கோடும் புலப்படவில்லை. அவள் நீட்டிய கையை மெல்ல மூடினார்.

“நாளைக்கு நடக்கப்போறது எனக்கு எங்கே தெரியுதும்மா? கடவுள்கிட்ட விட்டுடு. அவர் பார்த்துப்பார்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ஐயா, நீங்க சொன்னதை நம்பலாம்னு தோணுது!”