தடம் மாறிய ரத்தக்குழாய்

“ஆபரேஷன் வியாழக்கிழமைதானே டாக்டர்? ஏன் இன்னைக்கே வரச் சொன்னீங்க?”

என்று கேட்டார் கியோஜி. ஜப்பானின் நாகானோ மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு இந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

“டேய், பேய் முழி முழிக்காத. டாக்டரம்மா உன்னைத் தின்னுடவா போறாங்க?” என்று அதட்டிய அண்ணன் ஷிகெத்தோ, கோயில் தாயத்தைத் தம்பியின் கையில் திணித்தார். “ஊருக்கு வந்த அதே ஸ்கேன் வண்டியில எழுபது வயசான எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இவனுக்கா வரணும்?” தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் ஒரிஹாரா சிரிக்கவில்லை. திரையில் ஒரு படத்தைக் காட்டினார்.

“இது மே மாசம் வண்டியில எடுத்தது. இதோ, நுரையீரல்ல கட்டி. கீழே இந்த ரத்தக்குழாயைப் பாருங்க. நேரா இதயத்துக்குப் போகாம, தடம் மாறி வேற குழாயில சேருது. பிறவிக் கோளாறு. இதைக் கவனிக்காம கட்டி இருக்கற பாகத்தை எடுத்தா இதயம் தாங்காது. ஒரு வாரமா இதே யோசனைதான் எனக்கு.”

கியோஜியின் உள்ளங்கையில் தாயத்து நனைந்தது.

“இது நேத்து இங்க எடுத்த படம். இதுல கட்டி இல்லை.”

“இல்லையா?”

“இல்லவே இல்லை.”

ஷிகெத்தோ துள்ளி எழுந்தார். “பாத்தியாடா! உனக்காக முந்நூறு படி ஏறினேன். பாதியிலயே மூச்சு வாங்கி உக்காந்துட்டேன். வேண்டுதல் வீண்போகலை! இன்னைக்கு விலாங்கு மீன் சோறுதான்!” தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கியோஜி குழந்தை மாதிரி அழுதார்.

டாக்டரின் முகம் இறுகியே இருந்தது.

“கட்டி கரைஞ்சதுன்னே வெச்சுக்குவோம். அந்தக் குழாய் எங்க போச்சு? பிறவியில வந்தது நாலு மாசத்துல காணாமப் போகாது. முதல் படம் உங்களோடது இல்லை. அன்னைக்கு வண்டியில என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலையே! பெரிய வரிசை. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. முன்னாடி நின்ன அண்ணன்தான் பாவம், ‘நீ முதல்ல போ’ன்னு தன் நம்பர் அட்டையை எனக்குக் கொடுத்துட்டு, என் அட்டையை...”

கியோஜி பாதியில் நிறுத்தினார். மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார். பிறகு அந்த ஈரத் தாயத்தை அவர் கையில் வைத்து மூடினார்.