முக்காலியில் ஒரு சத்தம்

இரண்டாவது மருந்து ஊசியும் யானையில் படவில்லை. வலப்பக்கம் அடுக்கியிருந்த மரக்குற்றி ஒன்றில் போய்க் குத்தி நின்றது.

முதல் ஊசியும் அங்கேதான் நின்றது. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது.

சோதிலிங்கம் அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டார். கண்டபடி போனால்தான் கவலை. ஒரே பக்கம் போகிற பிழையைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பேராதனையில் மிருக வைத்தியர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான ஆள். மயக்க மருந்து ஊசியைச் சுடுகிற துவக்கைத் தோளில் வைத்துச் சுடுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. கமராக்காரர்களின் முக்காலி ஒன்றை வாங்கி, அதன் தலையில் மரக்கவை பூட்டி, அதில் துவக்கைக் கிடத்தித்தான் சுடுவார்.

இடம் கண்டிக்குப் பக்கத்தில் திகன. மரம் அறுத்து விற்கிற முஹைதீன் முதலாளியின் மரக்காலை. அங்கே குற்றி இழுக்கிற கலு என்ற யானை, அன்று காலை மதம் பிடித்துச் சங்கிலியை அறுத்துவிட்டது. பாகன் ஓடிப்போய்க் குற்றி அடுக்குகளுக்கு நடுவில் ஒளிந்தான். இப்போது வெளியே வர வழியில்லை. யானை அந்த அடுக்கை நெற்றியால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்டியில் குண்டு வெடித்த வருடம். யானைக்கு மதம் பிடித்தாலும் ராணுவம்தான் வந்தது.

லெப்டினன்ட் சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினான். முதலில் டொக்டர் பார்க்கட்டும், முடியாவிட்டால் நாங்கள் சுடுகிறோம் என்றான். டொக்டரின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். அவருக்குப் பாதுகாப்பு என்று சொல்லி ஒரு சிப்பாயை அவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போனான்.

மிச்சம் ஒரே ஒரு ஊசி.

ராணுவம் சுட்டால் யானை உடனே விழாது. விழுவதற்குள் அடுக்கைச் சாய்த்துவிடும், பாகன் அதற்குள்ளேயே நசுங்கிப் போவான். சோதிலிங்கம் இதைச் சொல்லிப் பார்த்தார். லெப்டினன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

முஹைதீன் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

சோதிலிங்கம் முக்காலியை ஆராய்ந்தார். இரண்டு தடவையும், குனிந்து விசையில் விரல் வைக்கும் நேரம் பார்த்து, டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சுட்டுவிட்டு நிமிர்ந்ததும் இன்னொரு டக். பாரம் ஏறும்போது கால் ஒன்று உள்ளே போகிறது, பாரம் இறங்கியதும் திரும்பி வருகிறது என்று நினைத்தார். ஊசி விலகிப் போக அது போதும்.

திருகுகளை இறுக்கப் பார்த்தார். எதுவும் தளர்ந்திருக்கவில்லை. நடுத்தண்டைக் கீழே இறக்கினார். ஒரு காலை யானைப் பக்கம் திருப்பி வைத்தார். பாரத்துக்காக மருந்துப் பையை நடுவில் தொங்கவிட்டார்.

பிறகுதான் தரையைக் கவனித்தார். எங்கு பார்த்தாலும் மரத்தூள். இதில் நின்றால் எந்தக் கால்தான் புதையாது? பலகைத் துண்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். முஹைதீனே ஓடிப்போய் எடுத்துவந்தார். முதலாளி பலகை தூக்கியதை அவருடைய ஆட்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

மூன்று காலுக்கும் கீழே பலகை வைத்து, மேலே இரண்டு கையாலும் அமுக்கினார். அசையவில்லை. சத்தமும் இல்லை.

கடைசி ஊசியை ஏற்றினார். ஒரு பரிசோதனைக்காக, துவக்கைத் தொடாமல், குனிந்து கண்ணை மட்டும் குறிக்குக் கொண்டுபோனார்.

டக்.

அவருடைய வலது தோள் ஒரு தடவை துள்ளி அடங்கியது.

முக்காலியில் அவர் கையே வைக்கவில்லை. சத்தம் பின்னாலிருந்து வந்தது.

அது என்ன சத்தம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ராணுவத்தின் வீதித் தடைகளில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றபோது எத்தனையோ தடவை கேட்டதுதான். சுடுவதற்கு ஆயத்தமாகத் துவக்கின் பூட்டைத் தட்டித் திறக்கிற சத்தம். அவர் குறிபார்க்கக் குனியும்போதெல்லாம் அந்தச் சிப்பாய் திறந்திருக்கிறான். நிமிர்ந்ததும் பூட்டியிருக்கிறான். தோளுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கிறது; அது துள்ளித்தான் இரண்டு ஊசியும் விலகியிருக்கின்றன. அவருக்குத்தான் இப்போது தெரிந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிழை முக்காலியில் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது.

திரும்பிப் பார்ப்பது புத்தியில்லை. பார்க்காமல் கணக்குப் போட்டார். அவர் நிமிராதவரை அந்தச் சத்தம் மறுபடி வராது. வரவேண்டியது வந்துவிட்டது.

குனிந்தபடியே, மெதுவாக, துவக்கில் கை வைத்தார். மூச்சை வெளியே விட்டார். விசையை அழுத்தினார்.

ஊசி யானையின் பின்தொடையில் ஏறி நின்றது.

கொஞ்ச நேரத்தில் காதாட்டம் நின்றது. தும்பிக்கை தளர்ந்து தரையைத் தொட்டது. கலு நின்றபடியே உறங்கத் தொடங்கினான். ஆட்கள் பின்பக்கமாகப் போய்ப் பாகனை இழுத்தெடுத்தார்கள். முழங்கை உரசியிருந்தது, அவ்வளவுதான். லெப்டினன்ட் சிரித்தபடி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தான்.

சோதிலிங்கம் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். முகம் யானைப் பக்கமே இருந்தது.

முஹைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் முடிஞ்சி டொக்டர். வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."

"வாறன், கொஞ்சம் பொறுங்கோ."

யானைதான் உறங்கிவிட்டதே, இன்னும் எதற்குப் பொறுக்கச் சொல்கிறார் என்று முஹைதீனுக்கு விளங்கவில்லை. கவலையாக முக்காலியைப் பார்த்தார்.

பின்னால், பூட்டுகிற அந்த இரண்டாவது சத்தம் இன்னும் கேட்கவில்லை.