பத்து நிமிட வேலை

"பாய், ஃபோர் வீல் விழவே மாட்டேங்குது! முன் வீல் ரெண்டுதான் இழுக்குது. சீக்கிரம் பாத்து அனுப்புங்க, தண்ணி ஏறுறதுக்குள்ள தீவுக்குப் போவணும்!"

கவியரசன் வண்டியிலிருந்து பாதி இறங்கியபடியே கத்தினான். பக்கத்து சீட்டில் அவன் மனைவி ஆர்த்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீவில் இருக்கும் அவளுடைய அப்பாவுக்கு மூச்சுத் திணறல். அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏரிக்குள் போகிற மண்பாதை ஆறு மணிக்கு மேல் மூழ்கிவிடும். இப்போது மணி நாலு.

பழவேற்காடு சாலையில் இந்த மாதிரிப் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் மக்பூல் பாய் ஒருவர்தான். அவர் பானட்டைத் தூக்கினார். இத்தனை தூரம் ஓடி வந்த இன்ஜின், பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்ததுமே கோளாறு தெரிந்துவிட்டது. பின் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் ஃபியூஸ் கருகியிருந்தது. வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது.

பாய் என்ன செய்தார் தெரியுமா? கருகிய ஃபியூஸை நைசாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பெரிய வேலை தம்பி. அடியில படுத்துப் பாக்கணும்" என்றார்.

ஊரே நல்ல மனுஷர் என்று சொல்கிற ஆள்! அவசரத்தில் வந்தவனிடம் இப்படியா?

"எவ்ளோ நேரம் ஆவும் பாய்?"

"பாக்கலாம். மஞ்சு, மூணு டீ!"

எதிர் டீக்கடை மஞ்சு, "மூணா பாய்?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு பேசாமல் மூன்று டம்ளர்களைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, வண்டிப் பக்கமே திரும்பாமல் போய்விட்டாள்.

பாய் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பின் அச்சின் ஆயில் நட்டைக் கழற்றினார். கறுப்பாக வர வேண்டிய ஆயில், பால் ஊற்றிய டீ போல ஒழுகியது. கூடவே ஒரு பொடிச் சிப்பி வந்து அவர் மார்பில் விழுந்தது.

"தண்ணில எறக்கினியா தம்பி?"

"இல்ல பாய். இன்னும் ஏரியாண்டயே போவலியே!"

"உள்ளல்லாம் உப்பு பூத்துகீது."

"உப்புக் காத்து பாய், பூக்காம இன்னா பண்ணும்? நீங்க ஃபோர் வீலப் பாருங்க!"

பாய் கழற்றிய நட்டை மாட்டினார். மாட்டியதை மறுபடி கழற்றினார். பத்தாம் நம்பர் ஸ்பானரைக் காணோம் என்று கால் மணி நேரம் தேடினார். அது அவருடைய இடது கையிலேயே இருந்தது. பெஞ்சில் இரண்டு டம்ளர்களில் டீ ஆடை கட்டிப் போயிருந்தது.

ஆர்த்தி இறங்கி வந்தாள்.

"பாய், நைனா என்னைப் பாக்கணும்னு சொல்லினே கீறாராம். ஒங்க கால்ல வேணா விழறேன். அனுப்பிடுங்க."

அவள் நின்ற இடத்தில் புடவை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மண் சேறாகிக்கொண்டிருந்தது. பாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பயந்தார்.

"இன்னிக்கு பௌர்ணமிம்மா. தண்ணி சீக்கிரம் ஏறிடும். செத்த இரு, படகு வரும். ஒன் நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஒங்களுக்கு இன்னா தெரியும்?" என்று அழுதாள் அவள்.

ஐந்தரை மணிக்குக் கவியரசன் பாயின் சட்டையைப் பிடித்துவிட்டான். "வேணும்னே இழுத்தடிக்கிறே! ரெண்டு வீல் இழுத்தா போதும், நான் போறேன். வழிய வுடு!"

அவன் கையில் ஏரிச் சேற்று வாடை. எலும்பு வரை குளிர்ந்தது. பாய் உதறவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கி, உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் அப்படியே நின்றார்.

ஆறு மணிக்கு முன்பே ஏரி மேலேறியது. மண்பாதை இருந்த இடத்தில் ஒரே தண்ணீர்.

ஆர்த்தி மறுபடி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிருந்தா இந்நேரம் நடுவுல மாட்டினு இருப்போம் இல்ல?" என்றாள் கணவனிடம். மெதுவாகப் பாயின் சட்டையை விட்டான்.

கரையில் ஒரு படகு வந்து நின்றது. அதிலிருந்து வயதான ஒருவர் குதித்து, விறுவிறுவென்று ஷெட்டுக்கு வந்தார்.

"பாய்... இந்த வருசம்?"

"போவல, சின்னப்பண்ணே." பாய் உள்ளங்கையை விரித்துச் சாவியைக் காட்டினார். "இதுக்கு முன்ன வருசா வருசம் வாயால சொன்னேன், ரெண்டும் கேக்காமப் போச்சுங்க. இந்த வாட்டி புடிச்சி வெச்சிட்டேன்."

சின்னப்பன் வண்டிக் கதவருகே போய்க் குனிந்தார்.

"ஆர்த்தி, நைனா வந்துட்டேன்மா. எனக்கு ஒண்ணுமில்லம்மா."

ஏரியிலிருந்து இழுத்து வந்து செங்கல் மேல் நிறுத்தியிருந்த, சக்கரமே இல்லாத அந்தத் துருப்பிடித்த வண்டியின் இரண்டு சீட்டும் காலியாக, ஈரமாக இருந்தன. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாசிப் பௌர்ணமியில், பத்தே நிமிடத்தில் ஃபியூஸை மாற்றி, "நாலு வீலும் இழுக்குது, தைரியமா போங்க" என்று கதவைத் தட்டி அவர்களை அனுப்பிவைத்தவர் மக்பூல் பாய்தான்.