ஏழாம் கட்டிலுக்குச் சாப்பாடு

“யாரும்மா அது? இப்பதான் எல்லாப் பிள்ளையும் தூங்குச்சு.”

எவர்சில்வர் கேரியரின் மூடி தரையில் விழுந்த சத்தத்தில் பிரசவ வார்டே திடுக்கிட்டது. நர்ஸ் திரும்பி முறைத்தாள். மூடி நிற்காமல் உருண்டு, ஏழாம் கட்டிலுக்கும் எட்டாம் கட்டிலுக்கும் நடுவே தொங்கிய பச்சைத் திரைக்கு அடியில் புகுந்து மறைந்தது.

“கை வழுக்கிடுச்சு சிஸ்டர்,” என்றாள் நடத்துநரம்மா.

காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக, ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் கிடைத்த முக்கால் மணி நேரத்தில் பேருந்து நிலையத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். கடைசி இருக்கை வரை கேட்கும்படி நிறுத்தங்களின் பெயரைக் கூவிப் பழகிய குரல். ரகசியம் பேசினாலே நாலு கட்டிலுக்குக் கேட்கும்.

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை மூடியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. நடத்துநரம்மா அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு, ஏழாம் கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நர்ஸ் திரையோரம் நின்று கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். “பிள்ளை எடை இன்னிக்கும் இறங்கியிருக்கு. நாளைக் காலையிலயும் ஏறலைன்னா பிள்ளையை மட்டும் மேல்மாடி குழந்தைகள் வார்டுக்குக் கொண்டு போயிடுவாங்க. சாப்பிடாம அழுதுக்கிட்டே கிடந்தா எப்படி? வந்தவங்க யாராவது எடுத்துச் சொல்லுங்க.”

அவள் நகர்ந்ததும் நடத்துநரம்மா அவசரமாகக் கேரியரைப் பிரித்தாள். அவித்த முட்டை, குழைய வேகவைத்த பருப்பும் கீரையும், ஆவி பறக்கும் சோறு.

“சாப்பிடு பொண்ணே.”

“இப்பதாம்மா ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டேன்.”

“அது பேருக்குச் சாப்பாடு. நீ இப்ப ஒத்தை ஆள் இல்லை. மடியில ஒரு அரை டிக்கெட் இருக்கு. அதுக்கும் சேர்த்து நீதான் சாப்பிடணும்.”

ஏழாம் கட்டில்காரி சிரித்தாள். ஒரு கையால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டே மறுகையால் முட்டையை எடுத்துக் கடித்தாள்.

“பிள்ளை அழட்டும்னு காத்திருக்காதே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி மார்ல போடு. பாதியில தூங்கினா உள்ளங்காலை லேசா தேய்ச்சு விடு. ஒரு பக்கம் முழுசாக் குடிச்சதும் மறுபக்கம் மாத்து. பால் இல்லை, பால் இல்லைன்னு நீயா நினைச்சுப் பயப்படாதே. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும்.”

“சரிம்மா.”

“பால் குடுக்க உட்கார்றப்ப பக்கத்துல தண்ணி இருக்கட்டும்.”

“சரிம்மா. ரெண்டு அடி தள்ளித்தானே இருக்கேன், கத்தணுமா?”

“என் குரலே அப்படித்தான். பதினெட்டு வருஷம் பஸ்ஸோட போட்டி போட்ட குரல்.”

கொஞ்ச நேரம் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் நடத்துநரம்மா. மறுபடி பேசியபோது குரலில் ஈரம் இருந்தது. சத்தம் மட்டும் குறையவில்லை.

“இன்னொண்ணு. உன் மாமியார் கோவத்துல ஏதாவது சொல்லியிருப்பா. அதை நெஞ்சுல வெச்சுக்கிட்டு வயித்தைக் காயப் போடாதே. கோவம் அவ மேல, பட்டினி பிள்ளைக்கா?”

“என் மாமியாரா? அவங்க ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்லையே.”

“நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது. அவளுக்கு வாய் நீளம். ‘என் வாசப்படி ஏறாதே’ன்னுகூடச் சொல்லியிருப்பா. சொன்ன நாள்லேர்ந்து அவளுக்கும் சோறு இறங்கியிருக்காது.”

ஏழாம் கட்டில்காரி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உதட்டோரம் வந்த சிரிப்பை அடுத்த கவளத்தோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

“இதுக்கு மேல முடியாதும்மா. அடித்தட்டு அப்படியே இருக்கு.”

“ஸ்டூல் மேல மூடி வைக்கிறேன். பசிக்கிறப்ப சாப்பிடட்டும்,” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “சாப்பிடு,” என்று திருத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பையை இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் முதல் நடைக்கு முன்பே வந்து நின்றாள். ஸ்டூலின் மேல் அடித்தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“முழுசும் காலியா?”

“ஒரு பருக்கை மிச்சமில்லை,” என்றாள் ஏழாம் கட்டில்காரி.

எடை பார்க்கும் வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே உள்ளே வந்தது. நடத்துநரம்மாவுக்கு உட்காரத் தோன்றவில்லை. தோல்பையின் வாரை முறுக்கியபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தராசில் கிடத்திய பிள்ளை வீறிட்டது. அப்புறம் நர்ஸின் குரல்.

“நாற்பது கிராம் ஏறியிருக்கு. மேல்மாடி வேண்டாம். இதே மாதிரி விடாம பால் குடுங்க.”

நடத்துநரம்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே ஏழாம் கட்டில் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். “நான்தான் சொன்னேனே. இன்னிக்கு மீன் வெச்சிருக்கேன், முள்ளெல்லாம் எடுத்தாச்சு. சூடா சாப்பிட்டுட்டு, மறுபடி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை...”

பச்சைத் திரை லேசாக அசைந்தது. அதன் பின்னாலிருந்து, அழுதழுது கம்மிப்போன ஒரு சின்னக் குரல் கேட்டது.

“அந்த அக்காவுக்கு இது மூணாவது பிள்ளை, அத்தை. திரையை விலக்கி, உங்க பேரனைப் பார்த்துக்கிட்டே என்கிட்ட சொல்லுங்க.”