கோட்டுக்குக் கீழே ஓர் எறும்பு

ஞானப்பிரகாசத்தின் வயிற்றில், தொப்புளுக்குச் சற்று மேலே, டாக்டர் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். மார்பிலிருந்து குண்டூசியால் லேசாகக் குத்திக்கொண்டே வந்து, குத்துவது தெரியாமல் போன இடத்தில் போட்ட கோடு. அதற்கு மேலே இருப்பது அவர் உடம்பு. கீழே கிடப்பது யாருடையதோ. உடம்பைக் காக்க வேண்டிய படையே தண்டுவடத்தை எதிரி என்று நினைத்துத் தாக்கிவிட்டதாம். துடைத்துவிடும்போது அவர் மனைவி ரெஜினா அந்தக் கோட்டை மட்டும் நனைக்க மாட்டாள்.

அன்று துடைத்துக்கொண்டிருக்கையில், சிந்திய காப்பியைத் தேடி வந்த எறும்பு ஒன்று அவர் அடிவயிற்றில் ஏறியது. ரெஜினா கையை ஓங்கினாள்.

“தட்டிறாத. அது பாட்டுக்கு வரட்டும்.”

“கடிச்சு வச்சிரப் போகுதுங்க.”

“கடிச்சாத் தெரியுமான்னுதான் பாக்கணும். கோட்டத் தாண்டுனதும் நான் சொல்றேன். சரியான்னு நீ பாரு.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். எறும்பு நின்றது, வந்த வழியே கொஞ்சம் திரும்பியது, பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் மேலே நடந்தது. மூச்சுக்காற்று அதன்மேல் பட்டுவிடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ரெஜினா குனிந்து பார்த்தாள்.

“இந்தா, ஊர்றது தெரியுது. தாண்டிருச்சு,” என்றார் அவர். “சரிதான?”

எறும்பு கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே நின்றுகொண்டிருந்தது.

“கண்ணத் தெறந்துறாதீங்க,” என்றாள் ரெஜினா. எறும்பு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. “இப்ப எந்தப் பக்கமாப் போகுது, சொல்லுங்க.”